விளையாட்டு மாணவர்கள் சத்து பவுடர் வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்ற எங்கள் ஊர்க்காரர் சதீஷ் சிவலிங்கத்தைப் பார்த்துப் பளுதூக்க வந்த கல்லூரி மாணவன் நான். எடை 60 கிலோ. பல்கலைக்கழகப் போட்டிக்குத் தயாராகி வருகிறேன். உடன் பயிற்சி செய்பவர்கள் பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன், தசை வலுவுக்கான கிரியேட்டின், பயிற்சிக்கு முன் குடிக்கும் பிரீ வொர்க்அவுட் பவுடர் எல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள். ஜிம்மில் விற்கும் ஒரு டப்பாவில் ‘வாடா அனுமதி பெற்றது’ என்றே அச்சிட்டிருக்கிறது. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்காமல் இருக்க எவற்றை வாங்கலாம்?
– கல்லூரி மாணவர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: அந்த டப்பாவை முதலில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடா எந்தச் சத்து பவுடருக்கும் அனுமதி வழங்குவதில்லை. ஆண்டுதோறும் ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும் தடைப் பட்டியலைத்தான் அது வெளியிடுகிறது. இல்லாத அனுமதியை அச்சிடத் துணிந்தவர், உள்ளே இருக்கும் பொருள்களை மட்டும் உண்மையாக எழுதியிருப்பார் என்று எப்படி நம்புவது? டப்பாவில் இருக்கும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணும் உணவுத் தொழிலுக்கான உரிமத்தைத்தான் காட்டும்; தடை செய்யப்பட்ட பொருள் கலக்கவில்லை என்பதற்கு அது சான்றாகாது.

நீங்கள் குறிப்பிட்டவற்றில் வே புரோட்டீனும் கிரியேட்டினும் தடைப் பட்டியலில் இல்லை. பிரீ வொர்க்அவுட் பவுடர்களில் சேர்க்கப்படும் காஃபீன் 2004-இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, இப்போது கண்காணிப்பில் மட்டும் இருக்கிறது. ஆனால் பொருள் தடையற்றது என்பதும், அந்தப் பெயர் ஒட்டிய டப்பா பாதுகாப்பானது என்பதும் ஒன்றல்ல. ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 ஊட்டச்சத்துப் பொருள்களைச் சோதித்தபோது, அவற்றில் 94-இல், அதாவது ஏறத்தாழ 15 விழுக்காட்டில், லேபிளில் குறிப்பிடாத ஹார்மோன் சார்ந்த பொருள்கள் இருந்தன. நம் நாட்டிலேயே, 2011-இல் மகளிர் தொடரோட்ட வீராங்கனைகள் சிலர் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கியபோது, தங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஜின்செங்தான் காரணம் என்றார்கள். முதலில் விதிக்கப்பட்ட ஓராண்டுத் தடையை விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் 2012-இல் இரண்டு ஆண்டுகளாக உயர்த்தியது. உடலில் எது காணப்பட்டாலும் பொறுப்பு விளையாடுபவருடையதே என்பதுதான் விதி. ‘மாஸ்டர் கொடுத்தார், குடித்தேன்’ என்ற பதில் அங்கே செல்லாது.

மூன்றில் என் கண்டிப்பான எதிர்ப்பு பிரீ வொர்க்அவுட் பவுடருக்குத்தான். மெத்தில்ஹெக்சேனமைன் என்னும் தடை செய்யப்பட்ட ஊக்கி இவ்வகைப் பவுடர்களில் ‘ஜெரேனியம் சாறு’ என்ற சாதுவான பெயரில் வந்திருக்கிறது. ஹிஜெனமைன் என்னும் தடை செய்யப்பட்ட பொருளும் அப்படித்தான், தாவரத்திலிருந்து வருவதாலேயே தடையிலிருந்து தப்பிவிடவில்லை. பளுதூக்குபவர் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: எடைப் பிரிவுக்குள் வருவதற்காக எடை பார்க்கும் நாளுக்கு முன் சிலர் விழுங்கும் நீர் பிரியும் மாத்திரை, போட்டிக் காலத்தில் மட்டுமல்லாமல், எல்லாக் காலத்திலும் தடை செய்யப்பட்டது.

இனி, உங்களுக்குப் பவுடர் தேவையா என்று பார்ப்போம். பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் போதும். உங்கள் கணக்கில் நாளொன்றுக்கு 72 முதல் 120 கிராம். நான்கு முட்டையில் சுமார் 24, அரை லிட்டர் பாலில் 16, சமைத்த கோழிக்கறி 100 கிராமில் 27, நம் பக்கத்து நிலக்கடலை 50 கிராமில் 12 கிராம் கிடைத்துவிடும். இட்லி, சாம்பார், சோறு, சுண்டல் ஆகியவற்றில் இருப்பதையும் சேர்த்தால் 100 கிராமை நெருங்கிவிடலாம். விடுதிச் சாப்பாட்டில் இது கிடைக்காது என்றால், பவுடருக்கு ஆகும் பணத்தில் முட்டையும் கடலையும் வாங்குவதே என் பரிந்துரை.

அப்படியும் வாங்கியே ஆகவேண்டும் என்றால், ஒவ்வொரு பேட்சையும் வெளி ஆய்வகத்தில் சோதித்துத் தரும் ‘இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்’ போன்ற சான்று இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையை மட்டும் நம்பாமல், டப்பாவின் அடியில் உள்ள பேட்ச் எண்ணைச் சான்றளித்தவரின் இணையதளத்தில் இட்டுச் சரிபாருங்கள். ஜிம்மில் பிரித்து, பாலித்தீன் பையில் நிறுத்துக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். பில்லையும், தீரும்போது கொஞ்சம் பவுடருடன் டப்பாவையும் எடுத்து வையுங்கள். கலப்படம்தான் காரணம் என்று நிரூபிக்க முடிந்தால் தண்டனை குறைய வழியுண்டு; நிரூபிக்கும் சுமை உங்களுடையது. சளி, இருமலுக்கு மாத்திரை வாங்கும்போதும், தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடா வெளியிட்டுள்ள ‘நோ யுவர் மெடிசின்’ செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் பள்ளி அணியில் 800 மீட்டர் ஓடுகிறாள். வெயிலில் பயிற்சி முடிந்தால் மிகவும் சோர்ந்துவிடுகிறாள். போட்டிக்கு முதல் நாள் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டால் தெம்பாக ஓடலாம் என்கிறார்கள். இதில் தவறு உண்டா?
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: உண்டு, அம்மா. குளுக்கோஸ் தடை செய்யப்பட்ட பொருளன்று. ஆனால் 12 மணி நேரத்தில் 100 மில்லி லிட்டருக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும் அது தடை செய்யப்பட்ட முறையாகும். நீங்கள் சொல்லும் பாட்டிலில் பெரும்பாலும் 500 மில்லி இருக்கும். உண்மையான நோய்க்கு மருத்துவமனையில் தரும் சிகிச்சைக்கு விலக்கு உண்டு. தெம்புக்காக ஏற்றுவதற்கு இல்லை. வளரும் பெண்பிள்ளை தொடர்ந்து சோர்வடைந்தால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்க வேண்டும். குறைவு என்று தெரிந்து மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் தயங்காமல் கொடுங்கள், அதற்குத் தடை இல்லை. வெயில் நாள்களில் பயிற்சிக்கு உப்பிட்ட மோரோ, எலுமிச்சைச் சாறோ ஒரு பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள். காலை ஆறு மணிக்கே பயிற்சியைத் தொடங்கும்படி ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள்.