ஐந்து வயதுப் பிள்ளையிடம் அப்பாவின் மரணத்தை எப்போது, எப்படிச் சொல்வது?

தங்கையின் கணவர் இறந்து ஒரு மாதமாகிறது, ஐந்து வயதுப் பையனிடம் 'அப்பா வெளியூர் போயிருக்கிறார்' என்று சொல்லிவைத்திருக்கிறோம், உண்மையை எப்போது சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைக்கே சொல்லிவிடுங்கள். உங்கள் தங்கையே சொல்வது நல்லது. நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

என் கணவர் இறந்தபோது மகளுக்கு ஐந்து வயது நிறைந்திருக்கவில்லை. உறவினர் ஒருவர் அவளிடம், "அப்பா தூங்குகிறார்" என்று சொல்லிவிட்டார். நல்ல மனதோடு சொன்னதுதான். அதன்பிறகு இரவில் நான் கண்ணயரும் போதெல்லாம் ஒரு சின்ன விரல் வந்து என் இமையைத் தூக்கும். கருவிழி அசைகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி போய்ப் படுத்துக்கொள்வாள். தூங்க மாட்டாள். காரணம் எனக்குப் பிடிபடவே பல நாளாயிற்று.

பிறகுதான் சொன்னேன்: "அப்பா இறந்துவிட்டார். இறந்தவர்களுக்கு மூச்சு இருக்காது, பசிக்காது, வலிக்காது. அப்பா இனி வர மாட்டார். தூக்கம் வேறு. தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள்." பாதியில் அழுதுவிட்டேன். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு அவள், "சரி, விளையாடப் போகட்டுமா?" என்றாள். அங்கிருந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. சின்னப் பிள்ளைகளின் துக்கம் அப்படித்தான், விட்டுவிட்டு வரும். மறுநாளே, "ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்துவிடுவாரா?" என்றாள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். எத்தனை தடவை என்று கணக்கு வைக்கவில்லை.

ஹங்கேரியில் 3 முதல் 10 வயதுவரை உள்ள 378 குழந்தைகளிடம் மரணத்தைப் பற்றிக் கேட்டறிந்து, மரியா நாகி 1948-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள் மரணத்தைப் பயணம் போலவோ தூக்கம் போலவோ நினைக்கிறார்கள் என்கிறது அது. பிள்ளைக்குத் தானாகவே வரும் அந்தத் தப்பெண்ணத்துக்குத்தான் உங்கள் 'வெளியூர்' தீனி போடுகிறது.

காரணத்தையும் சொல்லுங்கள். நோய் என்றால் அதன் பெயரோடு சொல்லுங்கள், சளி காய்ச்சல் போன்றதல்ல என்பதையும் சேர்த்து. இல்லாவிட்டால் அம்மாவுக்குத் தலைவலி வந்தாலே நடுங்கிப்போவான். தான் நினைத்ததாலேயே ஒன்று நடந்துவிடும் என்று நம்புகிற வயது அது. என் மகள் நான்கு மாதம் கழித்து, "அப்பாவோடு பேச மாட்டேன் என்று சொன்னேனே, அதனாலா?" என்று கேட்டாள். நான்கு மாதமாக அதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்! அவன் கேட்கும்வரை காத்திருக்காமல், 'நீ சொன்னதாலோ செய்ததாலோ இல்லை' என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

நான் செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. அப்பா இல்லாத பிள்ளையாயிற்றே என்று எதற்கும் 'கூடாது' சொல்லாமல் இருந்தேன். அடம்தான் கூடியது. பழையபடி அதே நேரத்துக்குப் படுக்கை, அதே கண்டிப்பு என்று வந்தபிறகுதான் கொஞ்சம் அடங்கினாள். படுக்கையை நனைப்பது திரும்ப வரலாம், திட்டாதீர்கள். சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் சரியாகவில்லை என்றாலோ, 'நானும் அப்பாவிடம் போகிறேன்' என்றாலோ தாமதிக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

'ஏன் பொய் சொன்னீர்கள்?' என்று கோபப்படுவான். "எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை, அது தப்புதான்" என்று ஒப்புக்கொள்ளுங்கள். அவனிடம் பேசுவதற்கு முன்னால் தாத்தா, பாட்டி, பள்ளி ஆசிரியை எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். அம்மா 'இறந்துவிட்டார்' என்று சொன்ன மறுநாள் பாட்டி 'வந்துவிடுவார்' என்றால், அவன் பாட்டியைத்தான் நம்புவான்.