'ஃப்ரம்' போடுவதா, 'பிட்வீன்' போடுவதா?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு செவிலியர் கேட்டிருக்கிறார்: "வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறேன். பிரித்தறிவதைச் சொல்லும் 'டிஸ்டிங்க்விஷ்' என்ற வினைச்சொல்லுடன் பயிற்சி வகுப்பில் 'பிட்வீன்' போடச் சொல்கிறார்கள். புத்தகத்தில் 'ஃப்ரம்' இருக்கிறது. எது சரி? 'டிஃபரென்ஷியேட்' என்றாலும் இதேதானா?"

இரண்டும் சரிதான், சகோதரி. மார்த்தாண்டம் சந்தையில் "மட்டிக்கும் பேயனுக்கும் வித்தியாசம் தெரியுமா?" என்று கேட்டால், இரண்டு வாழைப்பழத்தையும் சமமாக வைத்துப் பேசுகிறீர்கள். அங்கே 'பிட்வீன்'; நடுவில் 'அண்ட்' கட்டாயம். "மட்டியைப் பேயனிலிருந்து பிரித்தறிய முடியுமா?" என்றால் கண் மட்டியின் மேல். அங்கே 'ஃப்ரம்'. நம்மவர்கள் தடுக்குவது இரண்டையும் கலக்கும்போதுதான்: 'பிட்வீன்' என்று தொடங்கி 'ஃப்ரம்' என்றோ 'டு' என்றோ முடிப்பார்கள்.

ஓர் அடையாளமே எழுவாயாக வந்தால் 'ஃப்ரம்'தான் பொருந்தும். செந்துளுவனை மட்டியிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவது அதன் சிவப்புத் தோல். உங்கள் தொழிலில் சொன்னால், மாரடைப்பு வலியை வெறும் நெஞ்செரிச்சலிலிருந்து பிரித்தறிய இசிஜி உதவுகிறது: 'ஆன் இசிஜி ஹெல்ப்ஸ் டிஸ்டிங்க்விஷ் எ ஹார்ட் அட்டாக் ஃப்ரம் ஹார்ட்பர்ன்.'

'டிஃபரென்ஷியேட்'டும் இதே இடைச்சொற்களை ஏற்கும். பெரும்பாலான இடங்களில் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடலாம். ஆனால் குருத்தணு (ஸ்டெம் செல்) தசையணுவாக மாறுவதற்கும் கணக்கில் வகையிடுவதற்கும் 'டிஃபரென்ஷியேட்' மட்டுமே.

'டிஸ்டிங்க்விஷ்ட்' என்ற உரிச்சொல்லிடம் எச்சரிக்கை தேவை. அதற்குப் பொருள் 'பிரித்தறியப்பட்ட' என்பதல்ல, 'சிறப்புமிக்க' என்பது. டிஸ்சார்ஜ் கடிதத்தில் 'டிஸ்டிங்க்விஷ்ட் சிம்ப்டம்ஸ்' என்று எழுதினால் நோய்க்குறிகளுக்குப் பொன்னாடை போர்த்துவது போலாகும். அங்கே வேண்டியது, தனித்துக் காட்டுவதைக் குறிக்கும் 'டிஸ்டிங்க்டிவ்'.

தேர்வில் எழுதும் கடிதத்துக்கு இவ்வளவு போதும். நோயாளியிடம் பேசும் பகுதியில் இந்தப் பெரிய சொற்கள் எதற்கு என்பது என் கட்சி. இரண்டு மாத்திரைகளை அவரால் வேறுபடுத்த முடிகிறதா என்று அறிய 'கேன் யூ டெல் த டேப்லெட்ஸ் அபார்ட்?' என்று கேட்டால் அவருக்கும் புரியும், தேர்வாளருக்கும் பிடிக்கும். 'தெம்' என்று சுருக்கினால் மட்டும் அது நடுவில்தான் நிற்கும்: 'டெல் தெம் அபார்ட்'. 'டெல் அபார்ட் தெம்' என்று சொல்லும் வழக்கம் கிடையாது.