பிரபுக்களின் சதி: கிசுகிசுப்பு போதாது, கணக்கு வேண்டும்

கேள்வி: கற்பனைப் பேரரசு ஒன்றை வைத்து நாவல் எழுதுகிறேன். அரசர் சாகக் கிடக்கும்போது பிரபுக்கள் சதி செய்கிறார்கள். படித்த நண்பர்களோ, "எல்லாரும் இருட்டில் நின்று கிசுகிசுக்கிறார்கள், எதற்கென்றே புரியவில்லை" என்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

பதில்: ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு பிரபுவுக்கும் எவ்வளவு நிலம், எவ்வளவு படை, அந்தப்புரத்தில் யார் உறவு என்று எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஒரு வரிகூட நாவலில் வர வேண்டாம். ஆனால் சதி அங்கிருந்துதான் கிளம்பும்.

விஜயநகரப் பேரரசில் 1614இல் நடந்ததைப் பாருங்கள். இரண்டாம் வேங்கடபதி ராயர் சாகும் முன், தன் சகோதரர் மகன் ஸ்ரீரங்கனை வாரிசாக்கினார். ஆனால் ராணிகளில் ஒருத்தி, யாரோ பெற்ற குழந்தையைத் தன் மகன் என்று சொல்லி வளர்த்துவந்தாள். அவள் ஜக்கராயன் என்ற பெரும் பிரபுவின் குடும்பத்துப் பெண். அந்தச் சிறுவன் பட்டத்துக்கு வந்தால் ஆளப்போவது யார் என்று சொல்லவே வேண்டாம். ஜக்கராயன் ஸ்ரீரங்கனைக் குடும்பத்தோடு சிறைவைத்தான்.

ஸ்ரீரங்கன் பக்கம் நின்ற பிரபு யாச்சம நாயக்கன் இதை ஏற்கவில்லை. சிறையைச் சுற்றிக் காவல். அப்புறம் எப்படி உள்ளே போவது? யாச்சமன் ஏற்பாட்டில் துணி வெளுப்பவர் ஒருவர் போனார். ஸ்ரீரங்கனின் மகன் ராமதேவனை அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்துக் கட்டி, சுமந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். போர்த்துகீசியப் பாதிரியார் பர்ரடாஸ் 1616இல் எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். உங்கள் அரண்மனையில் துணி, பால், விறகு கொண்டுவருபவர்கள் யார்? காவலர்கள் ஏறெடுத்தும் பார்க்காத அந்த முகங்களைக் கதைக்குள் கொண்டுவாருங்கள்.

சிறுவன் தப்பினான். மற்றவர்களைச் சுரங்கம் தோண்டி மீட்கும் முயற்சி தோற்று, கடைசியில் ஸ்ரீரங்கன் குடும்பமே அழிக்கப்பட்டது. அதுவரை ஒதுங்கி நின்ற பிரபுக்கள் பலர் அதன் பிறகுதான் யாச்சமன் பக்கம் சாய்ந்தார்கள். சதிகாரன் எல்லை மீறும் இப்படியொரு காட்சி உங்களுக்கும் வேண்டும்.

பக்கம் சேர்ந்தவர்களையும் கவனியுங்கள். மதுரை, செஞ்சி நாயக்கர்கள் ஜக்கராயனோடு. தஞ்சை ரகுநாத நாயக்கர் ராமதேவனோடு. பேரரசு தளர்ந்தால் மதுரைக்கு லாபம், தஞ்சைக்கோ மதுரையோடு பகை. கல்லணைக்கு அருகே தோப்பூரில் நடந்த போரில் ஜக்கராயன் இறந்தான்.

முடிசூட்டு விழாவோடு நாவலை நிறுத்திவிடாதீர்கள். அரசனான ராமதேவன், சில ஆண்டுகள் கழித்துச் சமாதானத்துக்காக ஜக்கராயனின் தம்பி மகளையே மணந்தான். மூட்டையில் வைத்து அவனை மீட்க ஏற்பாடு செய்த யாச்சமன் மனம் கசந்து விலகிப்போனான். அந்தத் திருமணத்தன்று யாச்சமன் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்? அந்த அத்தியாயத்தை முதலில் எழுதிப் பாருங்கள்.