ஒரு டாலர் பாட்டு

அன்புள்ள ஐயா,

சென்ற மாதக் கட்டுரை ஒன்றில், கொரியாவின் வொண்டர் கேர்ள்ஸ் குழு பாடிய 'நோபடி'யைப் பற்றிப் போகிறபோக்கில் "கச்சிதமான பாட்டு என்றால் அதுதான்" என்று எழுதியிருந்தீர்கள். அதிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் பஞ்சாயத்து. என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். கொரியப் பாட்டைத் தவிர வேறெதுவும் அவள் காதில் ஏறாது. "பார்த்தியாம்மா, அவரே சொல்லிட்டார்" என்று உங்கள் கட்டுரையைத் தூக்கிக் காட்டினாள்.

நானும் சும்மா இருக்கவில்லை, தேடிப் படித்தேன். அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 என்ற பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் இடம்பிடித்த முதல் கொரியக் குழு என்று இவர்களைக் கொண்டாடுகிறார்கள். அந்த இடம் எப்படிக் கிடைத்தது? சிறுமிகளுக்கான துணிக்கடையில் சிடியை ஒரு டாலருக்கு வைத்து விற்றிருக்கிறார்கள். பாட்டை எழுதியவரும் கம்பெனியின் முதலாளி. குழுவில் இரண்டு பெண்கள் இதற்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டிருக்கிறார்கள். முதலாளி எழுதி, முதலாளி ஆட்டுவித்து, முதலாளியே காசு போட்டு வாங்கிய வெற்றி. இதில் கச்சிதம் எங்கே இருக்கிறது? நல்ல பாட்டை மக்கள் தாமாக எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டு வளர்ந்தவள் நான்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

துணிக்கடை விஷயம் உண்மைதான். கடையின் பெயர் ஜஸ்டிஸ். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தைகளுக்குச் சட்டை, பை, தலைக்கு மாட்டும் வளையம் என்று விற்ற கடைத்தொடர். 2009-ல் அமெரிக்காவில் பாட்டு வாங்குகிறவர்கள் இணையத்தில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒற்றைப் பாட்டுக்காகச் சிடி வாங்கும் வழக்கம் அநேகமாகப் போய்விட்டிருந்தது. ஹாட் 100 பட்டியலோ வானொலியில் ஒலிப்பதோடு விற்கும் பிரதிகளையும் சேர்த்துத்தான் கணக்கிடும். ஆக, யாரும் சிடி விற்காத காலத்தில், யாரும் விற்காத இடத்தில், சாக்லேட் விலைக்குச் சிடி விற்றார்கள். 2009 அக்டோபர் கடைசி வாரத்துப் பட்டியலில் 76-வது இடம் கிடைத்தது. அதற்கு மேல் ஏறவில்லை. வியாபார சாமர்த்தியம்தான், நான் மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் கேட்பது இரண்டு கேள்விகள். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். அந்த 76-வது இடம் வாங்கப்பட்டதா என்பது ஒன்று. பாட்டை மக்கள் எடுத்துக்கொண்டார்களா என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்கு அதற்கு ஒரு வருடம் முன்பே சியோலில் பதில் கிடைத்துவிட்டது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2007-ல் வொண்டர் கேர்ள்ஸ் 'டெல் மி' என்ற பாட்டோடு வந்தபோது கொரியாவே அதை ஆடியது. மாணவர்கள், ராணுவ வீரர்கள், போலீஸ்காரர்கள் எல்லாம் ஆடிப் படம்பிடித்து இணையத்தில் போட்டார்கள். அப்போது யூடியூப் அங்கே பெரிய சங்கதி இல்லை. சைவேர்ல்டு என்ற தளத்தில் ஆளுக்கொரு பக்கம் வைத்திருப்பார்கள். பக்கத்தைத் திறந்தால் பின்னணியில் ஒரு பாட்டு ஒலிக்க வேண்டும். அந்தப் பாட்டைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், அதுவும் அந்தத் தளத்துக்கே உரிய 'ஏகோர்ன்' நாணயத்தில். பாட்டு பரவுவது அப்படித்தான்: செல்போன் அழைப்பொலியாக, பக்கத்துப் பின்னணியாக, நண்பர்கள் சேர்ந்து ஆடும் ஆட்டமாக. எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும் காவோன் பட்டியல் 2010-ல்தான் வந்தது. அதனால் 'நோபடி' கொரியாவில் எத்தனையாவது இடம் என்று பில்போர்டைப் போல ஓர் எண்ணை உங்களுக்கு எடுத்துக்காட்ட வழியில்லை. 2008 செப்டம்பரில் பாட்டு வெளியானது. அந்த ஆண்டு எம்நெட் விருது விழாவில் ஆண்டின் சிறந்த பாட்டு என்ற விருது அதற்குத்தான் போனது. அமெரிக்கத் துணிக்கடை என்ற பேச்சே அப்போது கிடையாது.

சரி, கச்சிதம் எங்கே என்று கேட்டீர்கள். பாட்டை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். பல்லவிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, முதலிலேயே வந்துவிடும். அந்தப் பல்லவியில்தான் வேலைப்பாடு. "ஐ வாண்ட் நோபடி நோபடி பட் யூ" என்று ஒரு வரி. வரி முடிந்ததும் தாளத்தில் கொஞ்சம் இடம் காலியாகக் கிடக்கிறது. அந்த இடத்தில் இரண்டு கைதட்டல். மறுபடி அதே வரி, மறுபடி கைதட்டல். பாடுகிறவர்கள் மூச்சு வாங்கும் இடம் கேட்கிறவர்களுக்கு வேலை கொடுக்கும் இடமாகிவிடுகிறது. கும்மியில் பாட்டு ஒருத்தியுடையது, தட்டல் எல்லோருடையதும் இல்லையா, கிட்டத்தட்ட அந்த ஏற்பாடு. மொழி தெரிய வேண்டாம், மெட்டுகூடப் பிடிபட வேண்டாம். எப்போது தட்ட வேண்டும் என்று இரண்டாம் முறையிலேயே கைக்குத் தெரிந்துவிடும்.

ஆட்டமும் அதே கணக்கில்தான். இடுப்பில் லேசான அசைவு, முன்னால் நீளும் ஆள்காட்டி விரல், அப்புறம் தட்டல். கால்களுக்கு அதிக வேலை இல்லை. அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே செய்யலாம். இன்றைய கொரியக் குழுக்களின் ஆட்டத்தை உங்கள் மகளைக் கேட்டால் ஆடிக் காட்டுவாள், மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருப்பாள். 'நோபடி'க்கு அந்தப் பயிற்சி வேண்டாம். நடனம் தெரியாதவர்களை மனதில் வைத்து அமைத்த நடனம் அது. இது எளிதான காரியம் என்று நினைக்காதீர்கள். கடினமாக அமைப்பது சுலபம், எளிதாக அமைத்து அசட்டுத்தனம் தட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். பார்க் ஜின்-யங்குக்கு அது கைவந்திருந்தது. எல்லாப் பாட்டிலும் கைவந்தது என்று சொல்ல மாட்டேன்.

இவர்தான் நீங்கள் சொல்லும் முதலாளி. ஜேஒய்பி நிறுவனம் இவருடையது. முதலாளி ஆவதற்கு முன் தொண்ணூறுகளில் இவரே பெரிய பாடகர், ஆட்டக்காரர். 1960-களின் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் குழுக்கள், குறிப்பாகச் சுப்ரீம்ஸ் குழு, இவருக்கு ஆதர்சம். அந்தக் காலத்துப் பாணியில் ஐந்து பெண்களுக்கும் பளபளக்கும் உடை, கொண்டை எல்லாம் போட்டுவிட்டார். அந்தப் பாணியின் இன்னொரு ரகசியத்தையும் எடுத்துக்கொண்டார்: அழ வேண்டிய செய்தியை ஆட வைக்கும் தாளத்தில் வைப்பது. பாட்டின் பொருள் இதுதான். காதலன் அவளை விலகச் சொல்கிறான். உனக்கு நான் போதாது, வேறு ஒருவனிடம் போனால் நன்றாக இருப்பாய் என்கிறான். என் நன்மையை நீ ஏன் முடிவு செய்கிறாய், எனக்கு நீ போதும் என்கிறாள் அவள். மேலோட்டமாகக் கேட்டால் கும்மாளம், உள்ளே போனால் கெஞ்சல்.

வீடியோவும் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அதில் முதலாளியே நட்சத்திரப் பாடகராக வருகிறார், பெண்கள் பின்னால் நிற்கும் துணைப்பாடகிகள். மேடையேறும் நேரத்தில் அவர் கழிவறையில் மாட்டிக்கொள்கிறார், துடைக்கக் காகிதம் இல்லை! வேறு வழியில்லாமல் பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்து பாடுகிறார்கள், நட்சத்திரமாகிறார்கள். தன்னைத்தானே இப்படிக் கிண்டல் செய்துகொள்ளும் முதலாளியைப் பாட்டு உலகத்தில் அதிகம் பார்க்க முடியாது.

இனி அமெரிக்கா. இந்தப் பகுதியில் நானும் உங்கள் கட்சி. உனக்கு நல்லது என்று சொல்லிக் காதலியை வேறு இடத்துக்குத் தள்ளுகிறவனைப் பற்றிய பாட்டு அது. அதை எழுதியவரே மறுவருடம் அந்தப் பெண்களைக் கடல் கடந்து தள்ளிவிட்டார். 2009-ல் ஜோனஸ் பிரதர்ஸ் என்ற பையன்கள் குழுவின் இசைப்பயணத்தில், முக்கிய நிகழ்ச்சிக்கு முன் மேடையேறும் குழுவாக ஊர் ஊராகப் போனார்கள். ஜோனஸ் பிரதர்ஸைப் பார்க்க வந்தவர்களும் ஜஸ்டிஸ் கடைக்குப் போகிறவர்களும் ஏறக்குறைய ஒரே வயதுச் சிறுமிகள். ஒரு டாலர் யோசனை அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். சொந்த ஊரில் உச்சத்தில் இருக்கும் குழு, அந்நிய ஊரில் இன்னொருவருக்காக வந்த கூட்டத்தின் முன் அறிமுகமே இல்லாமல் நிற்பது. சோஹியும் சன்மியும் அப்போது உயர்நிலைப் பள்ளி வயதினர், இதற்காகப் படிப்பை நிறுத்தினார்கள். 2010 தொடக்கத்தில் சன்மி படிப்பைத் தொடர வேண்டும் என்று குழுவை விட்டே விலகினார். இதைச் சாதனைக் கதையில் ஒரு அத்தியாயமாக எழுதுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

வியாபாரமாகப் பார்த்தாலும் நஷ்டம்தான். இவர்கள் அமெரிக்காவுக்குக் கிளம்பிய அதே 2009-ல் கொரியாவில் கேர்ள்ஸ் ஜெனரேஷன் குழுவின் 'ஜீ' வெளிவந்து, கேபிஎஸ் தொலைக்காட்சியின் மியூசிக் பேங்க் நிகழ்ச்சியில் ஒன்பது வாரம் முதலிடத்தில் உட்கார்ந்துவிட்டது. காலி நாற்காலி நீண்ட நாள் காலியாக இருக்காது. வொண்டர் கேர்ள்ஸ் அமெரிக்காவில் ஆங்கிலப் பாட்டுகள் பாடினார்கள், 2012-ல் சிறுவர் தொலைக்காட்சிக்கு ஒரு படம்கூட நடித்தார்கள். எடுபடவில்லை. இன்னொரு கொரியப் பெண்கள் குழு ஹாட் 100-க்குள் வர 2018 ஆனது: பிளாக்பிங்க், 55-வது இடம். அப்போது நிலைமையே வேறு. சை என்ற பாடகர் 'கங்னம் ஸ்டைல்' பாட்டாலும், பிடிஎஸ் என்ற பையன்கள் குழுவும் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், யாரும் துணிக்கடைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

இந்த எண்களை வைத்துப் பாட்டை எடை போட வேண்டாம் என்பதற்கு உங்கள் மகளிடம் சொல்ல ஒரு தகவல். அதே ஜேஒய்பியின் ட்வைஸ் குழு 2021-ல் முதன்முறையாக அந்தப் பட்டியலுக்குள் வந்தது. அப்போது அவர்களுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள். கிடைத்தது 83-வது இடம். ஒரு டாலர் சிடியின் 76-ஐவிடக் கீழே. இதை வைத்து ட்வைஸைவிட வொண்டர் கேர்ள்ஸ் பெரிய குழு என்று யாராவது சொன்னால் உங்கள் மகள் சிரிப்பாள், சிரிக்கத்தான் வேண்டும். அதே நியாயப்படி, 76 வாங்கப்பட்டது என்பதால் 'நோபடி' சிறிய பாட்டும் ஆகிவிடாது.

முதலாளி எழுதிய பாட்டு என்ற உங்கள் குறைக்கு ஒரு பின்கதை உண்டு. சன்மி 2015-ல் குழுவுக்குத் திரும்பினார். மறுவருடம் வந்த 'ஒய் சோ லோன்லி'யின் மெட்டில் சன்மிக்கும் குழுவின் இன்னொரு பாடகி ஹ்யேரிமுக்கும் பங்கு உண்டு, முதலாளியின் பெயர் அதில் இல்லை. ரெகே தாளத்தில் சாவகாசமாகப் போகும் பாட்டு. கொரியாவில் முதலிடத்துக்கு வந்தது. 2017 தொடக்கத்தில் குழு கலைந்தது. கட்டுமானத்தில் அந்தப் பாட்டு 'நோபடி' அளவுக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம். முதலாளியின் பாட்டுதான் மேல் என்று சொல்ல எனக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

கேட்பதென்றால் கொரிய வடிவத்தையே கேளுங்கள். அமெரிக்காவுக்காகச் செய்த ஆங்கில வடிவத்தில் சொற்கள் மெட்டுக்குள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. பல்லவி இரண்டிலும் ஒன்றுதான், தட்டலும்தான்.