விசாரணைக்கு என்று போலீசார் அழைத்துச் சென்றால் நமக்கு என்ன உரிமைகள் உள்ளன?

"சும்மா விசாரித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம்" என்று வீட்டுக்கு வந்து அழைத்தால் போகத்தான் வேண்டுமா, போனால் என்ன பாதுகாப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். இராமநாதபுரத்தில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். தொண்டி, பாம்பன், மண்டபம் பக்கமிருந்து இதே கேள்வியோடு வரும் குடும்பங்களிடம் பேசுவது என் அன்றாட வேலை. அழைப்பவர் எந்தத் துறை, அழைப்பது சாட்சியாகவா சந்தேகத்தின் பேரிலா என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். மற்ற உரிமைகள் பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகின்றன.

நம் கரையில் இதற்குத் தனி அவசியம் உண்டு. பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டை என்றால் வனத்துறை வரும். இலங்கைக்குக் கடத்தப்படும் பீடி இலை, மஞ்சள் என்றால் சுங்கத்துறை வரும். இவர்களோடு உள்ளூர் காவல் நிலையம், கடலோரக் காவல் நிலையம், தமிழகக் காவல்துறையின் உளவு அமைப்பான கியூ பிரிவு ஆகியவையும் உள்ளன. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றம் ஏற்காது. அதன் மூலம் ஏதேனும் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டுமே செல்லும். ஆனால் சுங்கச் சட்டத்தின் 108ஆம் பிரிவின் கீழ் கொடுக்கும் வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்படும். ஆகவே இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கையெழுத்துப் போடுவது ஆபத்து. போலீஸ் விசாரணையில் எழுதப்படும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வெற்றுத் தாளில் எவர் கேட்டாலும் போடாதீர்கள்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. சாட்சியாக அழைப்பதானால் எழுத்து மூலம் அழைக்க வேண்டும். பெண்களையும் 60 வயதைக் கடந்தவர்களையும் அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். சந்தேகத்தின் பேரில், கைது தேவைப்படாத வழக்கு என்றால், 35(3) பிரிவின் கீழ் நோட்டீஸ் தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறிவிட்டது. முறையாக வந்த நோட்டீசை மட்டும் அலட்சியம் செய்துவிடாதீர்கள், அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர்தான் நீங்கள். ஆனால் உங்களைக் குற்றத்தில் சிக்க வைக்கும் பதிலைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த அரசியலமைப்பின் 20(3) பிரிவு இடம் தரவில்லை.

கைது என்றால், அதற்கான காரணத்தையும் தெரிவிக்க வேண்டும், நீங்கள் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ தகவலும் தர வேண்டும். விசாரணையின்போது முழு நேரமும் இல்லாவிட்டாலும் வழக்கறிஞரைச் சந்திக்கலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவர் முன் நிறுத்த வேண்டும். இங்கேதான் தவறு அதிகம் நடக்கிறது. எங்களிடம் வந்த ஒரு தாயின் மகனை மாலையில் மீன் வாடியிலிருந்து அழைத்துப் போயிருந்தார்கள். கைதுக் குறிப்பாணையிலோ மறுநாள் காலை பேருந்து நிலையம் அருகே கைது செய்ததாக எழுதியிருந்தது. அந்த அம்மா இரவே 112 எண்ணுக்கு அழைத்துச் சொல்லியிருந்ததால், மாலையிலேயே மகன் காவலில் இருந்தான் என்பதை எங்களால் எடுத்துக்காட்ட முடிந்தது. எனவே அழைத்துச் சென்ற உடனேயே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லுங்கள், மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நிலையத்தின் கேமராப் பதிவைப் பாதுகாக்கும்படி அதிலேயே கேளுங்கள். ஆள் எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

அடிபட்டிருந்தால் மருத்துவரிடமும் நடுவரிடமும் அப்போதே சொல்லியாக வேண்டும். 2020இல் சாத்தான்குளத்திலும், 2025 ஜூனில் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தின் மடப்புரத்திலும் விசாரணை என்று கொண்டுபோகப்பட்டவர்கள் உயிரோடு திரும்பவில்லை என்பதை அறிந்தும், "சொன்னால் இன்னும் அடிப்பார்கள்" என்று வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. நடுவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சுங்கத்தில் மிரட்டி எழுதி வாங்கியிருந்தாலும் மறுத்துச் சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று தயங்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 எண்ணிலோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ கேட்கலாம். முதல் ரிமாண்டுக்கு, அதாவது நடுவர் காவலில் வைக்க உத்தரவிடுவதற்கு, முன்பே கேளுங்கள்.