1/16 அளவு ஷெர்மன் டாங்கிக்கு உண்மைக்கு நெருக்கமான தடைப்பாதை அமைப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க டாங்கியான ஷெர்மனின் 1/16 அளவு ரேடியோ கண்ட்ரோல் மாடலுக்குத் தடைகளை எந்த அளவில் கட்டுவது, அவை பொம்மைச் சாமான் போலத் தெரியாமலிருக்க என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மொட்டை மாடியில் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகையின் மேல் நான்கு ஆண்டுகளாக இதே வேலையைச் செய்து, பலமுறை பிரித்துக் கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்.

அளவுகளை உண்மையான டாங்கியிடமிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். எம்4 ஷெர்மன் 2.29 மீட்டர் அகல அகழியைத் தாண்டும், 61 செ.மீ. செங்குத்துப் படியில் ஏறும், 1.02 மீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கும். ஏறக்கூடிய சாய்வு சுமார் 31 பாகை. பதினாறால் வகுத்தால் அகழி 14.3 செ.மீ., படி 3.8 செ.மீ., தண்ணீர் 6.4 செ.மீ. என்று வரும், சாய்வு மட்டும் மாறாது. இந்த எல்லைகளுக்குச் சற்றே உள்ளடங்கித் தடைகளை அமைத்தால், வண்டி முக்கித் திணறித்தான் கடக்கும். என்னைக் கேட்டால் வர்ணப் பூச்சைவிட அந்தத் திணறல்தான் முக்கியம். தண்ணீரை மட்டும் 2 செ.மீ.க்கு மேல் விடாதீர்கள். மாடலின் உள்ளே இருக்கும் மின்பலகை அதைத் தாங்காது.

ஆனால் நீளத்தை வகுப்பது போல எடையை வகுக்க முடியாது. நீளம் 16 மடங்கு குறையும்போது எடை 4096 மடங்கு குறைய வேண்டும். 30 டன் ஷெர்மனுக்கு அது 7.3 கிலோ. என் மாடலோ மூன்றரை கிலோதான், ஆகவே சாதாரண ஈர மண்ணில் அதன் சங்கிலிப் பட்டை தடமே பதிக்காது. மண்ணின் துகளும் நமக்காகச் சிறுத்துவிடுவதில்லை: 1 மி.மீ. மணல் துகள் இந்த அளவில் 16 மி.மீ. ஜல்லி. எனவே மாவு சலிக்கும் சல்லடையில் சலித்த செம்மண்ணையும் தென்னை நார்க்கழிவையும் சரிபாதி கலந்து பரப்பி, மேலே லேசாக நீர் தெளியுங்கள். பட்டையின் ஒவ்வொரு கட்டையும் அதில் அச்சு வைத்தாற்போலப் பதியும். நீர் கூடிவிட்டால் கலவை பல்சக்கரத்தில் அப்பிக்கொண்டு பட்டையைக் கழற்றிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த தடை, 1944 கோடையில் பிரான்சின் நார்மண்டியில் ஷெர்மன்களை மறித்த வேலிக்கரை. வயல்களைச் சுற்றி மண்ணால் எழுப்பி, மேலே முள்ளும் மரமும் அடர்ந்து, வேரோடிக் கெட்டித்துப்போன கரைகள் அவை. ஒரு மீட்டருக்குக் குறைவானவையும் உண்டு, மூன்றரை மீட்டரை எட்டியவையும் உண்டு. அவற்றின் மேல் ஏறும் டாங்கி, மூக்கை வானத்துக்குத் தூக்கித் தன் மெல்லிய அடித்தகட்டை எதிரிக்குக் காட்டும். அமெரிக்க சார்ஜென்ட் கர்ட்டிஸ் கலினின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் இரும்புப் பற்கள் இதற்குத்தான் வந்தன. ஜெர்மானியர் கடற்கரையில் நட்டிருந்த தடை இரும்புகளையே வெட்டி டாங்கியின் முன்புறம் பற்றவைத்ததால், அது கரையின் மேல் ஏறாமல் அதைக் குடைந்துகொண்டு போக முடிந்தது.

என் கரையின் உயரம் 9 செ.மீ., உண்மை அளவில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். தெர்மாகோல் உள்ளீட்டின் மேல் களிமண்ணையும் பசையையும் பூசி, ஈரம் காயுமுன் அருகம்புல் வேர்களைப் பக்கவாட்டில் அழுத்திப் பதித்தேன். மேலே மரங்களாக நிற்பவை காய்ந்த துளசிச் செடியின் கிளைகள். அவ்வளவு நுணுக்கமாகக் கிளை பிரியும் குச்சி வேறொன்றை நான் பார்த்ததில்லை.

முதல் ஓட்டத்திலேயே உச்சியில் இருந்த வண்டி மூக்கு குப்புற விழுந்து, பீரங்கிக் குழாய் வளைந்துவிட்டது. உண்மையில் ஒன்றரை மீட்டர் கீழே விழ அரை விநாடிக்கு மேல் ஆகும், 9 செ.மீ. விழ அதில் கால் பங்குதான். கண்ணுக்கு அது கனரக வண்டி சாய்வது போல இல்லாமல் தீப்பெட்டி கவிழ்வது போலத் தெரியும். உச்சியைக் கூராக விடாமல் ஒரு சாண் நீளத்துக்கு வளைவாக இழைத்த பிறகுதான் டாங்கி தயங்கி, மெல்லச் சாய்ந்து இறங்கியது.

கரையின் நடுவே 20 செ.மீ. அகலத்துக்குத் தெர்மாகோல் வைக்காமல், மேலே சொன்ன கலவையை மட்டும் கையால் அழுத்தி நிரப்புங்கள். ஷெர்மன் மாடலின் அகலம் 16.4 செ.மீ. என்பதால், முன்னால் பற்கள் மாட்டிய வண்டி அந்த இடத்தை உடைத்துக்கொண்டு தாராளமாக வெளிவரும். அடுத்த ஓட்டத்துக்குள் கொத்தனார் கரண்டியால் மண்ணை வாரி மறுபடி நிரப்பிவிடலாம்; அதற்கு ஐந்து நிமிடம் போதும்.