காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் பழைய கார்: கோளாறை எங்கிருந்து தேடுவது?

கோலாலம்பூரிலிருந்து நண்பர் கேட்டிருப்பது இது: 1990களின் இறுதியில் வந்த, பெட்ரோலை இஞ்செக்டர் எனப்படும் தெளிப்பான் வழியாகப் பெறும் 1.5 லிட்டர் கார். காலையில் மூன்று நான்கு முறை சாவியைத் திருப்பினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. ஆன பிறகும் இரண்டு நிமிடம் குலுங்குகிறது. அதற்குப் பிறகு நாள் முழுவதும் ஒரு குறையும் இல்லை. பட்டறையிலோ "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பினாங்கு ஜெலுத்தோங்கில் இதே தொல்லையோடு ஏழு மாதம் ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு அலைந்தவன் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் காரைப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லும் அந்தப் பதினைந்து நிமிடத்திலேயே எஞ்சின் சூடேறி, தேட வேண்டிய தடயம் அழிந்துவிடுகிறது. ஆகவே முந்தைய நாள் மாலையே காரைப் பட்டறையில் விட்டுவிட்டு, மறுநாள் காலை போர்மேன் முன்னிலையில்தான் முதன்முதலாகச் சாவியைத் திருப்ப வேண்டும். அதற்கு வழியில்லையென்றால், வீட்டு வாசலிலேயே நீங்கள் பார்த்துக் குறித்துக்கொள்வது, எஞ்சின் சூடான பின் பட்டறையில் செய்யும் எந்தச் சோதனையைக் காட்டிலும் பயன் தரும்.

குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் அறிவுரைகளில் பாதி நமக்குப் பொருந்தாது. நம் ஊரில் விடியற்காலைக் குளிர் என்பது 24, 25 டிகிரிதான். அதில் எண்ணெய் உறைவதில்லை. ஆனாலும் எண்பது தொண்ணூறு டிகிரியில் வேலை செய்வதற்கென்று அமைந்த எஞ்சினுக்கு அதுவும் குளிரே. அந்த நிலையில் பெட்ரோல் முழுவதும் ஆவியாகாமல் ஒரு பகுதி உட்சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குறையை ஈடுகட்ட, இசியூ எனப்படும் எஞ்சின் கணினி முதல் சில நிமிடங்களுக்குப் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கிறது. காலையில் மட்டும் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தக் கூடுதல் பெட்ரோல் சரியான அளவில் வந்து சேராததால் வருபவை.

பேட்டரி காரணமா இல்லையா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஸ்டார்ட்டர் வழக்கமான வேகத்தில் சுற்றியும் எஞ்சின் பற்றவில்லை என்றால் பேட்டரியின் மேல் பழி போட வேண்டாம்.

அடுத்தது பெட்ரோல் அழுத்தம். சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்தால், பின் இருக்கைப் பக்கமிருந்து பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகி நிற்பது கேட்கும். ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே ஆன், ஆஃப் என்று மூன்று முறை செய்துவிட்டு, நான்காவது முறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால், இரவில் குழாயிலுள்ள அழுத்தம் கசிந்து இறங்குகிறது என்று பொருள். பம்பின் உள்ளே பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வோ, சொட்டும் இஞ்செக்டரோ, பழைய அழுத்தச் சீராக்கியோ காரணமாக இருக்கலாம். சொட்டும் இஞ்செக்டர் என்றால் அந்த சிலிண்டரின் பிளக் (பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருவது) ஈரமாகவும் கறுப்பாகவும் வரும்.

என் காரில் இந்தச் சோதனை எந்த மாற்றத்தையும் தரவில்லை. அதற்கு முன்பே நான் பம்பையும் பிளக்குகளையும் மாற்றிப் பணத்தைச் செலவழித்திருந்தேன் என்பதுதான் வருத்தம். ஒரு நாள் காலை ஆறரை மணி இருட்டில், மூன்று முறை முயன்றும் ஸ்டார்ட் ஆகாத எஞ்சினிலிருந்து நான்கு பிளக்குகளையும் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். நான்கும் உலர்ந்திருந்தன; பெட்ரோல் வாசனையே இல்லை. பம்ப் புதிது, அழுத்தம் இருக்கிறது, பெட்ரோல் மட்டும் வரவில்லை என்றால், கணினிதான் குறைவாகக் கொடுக்கிறது. எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருக்கிறது என்று அது நம்பினால் அப்படித்தான் செய்யும். நான்காவது முயற்சியில் ஸ்டார்ட் ஆனதற்கும் இதுவே விளக்கம்: ஒவ்வொரு முயற்சியிலும் சிறிது சிறிதாகச் சேர்ந்த பெட்ரோல் அப்போதுதான் போதுமான அளவை எட்டுகிறது.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பல பழைய கார்களில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை அளக்க இரண்டு தனித்தனி சென்சார்கள் உண்டு. ஒற்றை வயர் கொண்டது டாஷ்போர்டு ஊசிக்கு. இரண்டு வயர் கொண்டது கணினிக்கு. ஊசி சரியாகக் காட்டுவதால் கணினிக்கும் சரியான தகவல் போகிறது என்று எண்ணிவிடக் கூடாது. என் காருக்கும் முதலில் மாற்றப்பட்டது ஒற்றை வயர் சென்சார்தான்.

இரண்டு வயர் சென்சாரைச் சோதிக்க, காரின் பழுதுபார்ப்புக் கையேடு இல்லாமலே செய்யக்கூடிய ஒரு வழி இருக்கிறது. எட்டு மணி நேரம் நின்ற காரில் எஞ்சின், அதிலுள்ள நீர், சுற்றியுள்ள காற்று மூன்றும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைக்கு வந்திருக்கும். சாவி ஆஃப் நிலையில் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரால் மின்தடையை அளக்க வேண்டும். இவ்வகை சென்சார்களில் வெப்பம் கூடக் கூட மின்தடை குறையும்: 25 டிகிரியில் பெரும்பாலும் 2,000 ஓம் அளவிலும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் இருக்கும். அன்று காலை என் மீட்டர் காட்டியது 410 ஓம். பனித்துளி படிந்திருந்த பானெட்டின் அடியில், கைக்குச் சில்லென்றிருந்த எஞ்சின், தான் எழுபது டிகிரியில் இருப்பதாகக் கணினியிடம் சொல்லிக்கொண்டிருந்தது. எஞ்சின் உண்மையாகவே சூடான பிறகு அந்த அளவு ஏறத்தாழ மெய்யாகிவிடுவதால்தான், பட்டறையில் யாராலும் குறை காண முடியவில்லை. முப்பத்தைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு புதிய சென்சார் வாங்கிப் போட்டேன். மறுநாள் காலை முதல் திருப்பிலேயே கார் ஸ்டார்ட் ஆனது.

உங்கள் காரிலும் இதுவே காரணம் என்று நான் உறுதி கூற மாட்டேன். பிளக்குகள் ஈரமாக வந்து, தொல்லையும் மழை பெய்த இரவுக்கு மறுநாள் மட்டும் வருகிறதென்றால், பிளக் வயர்களையும் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் சந்தேகியுங்கள். இருட்டில் எஞ்சின் ஓடும்போது, கையால் எதையும் தொடாமல் வயர்களின் மேல் பூவாளித் தூறல்போல் நீரைத் தெளித்தால், மின்சாரம் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். ஆக்சிலரேட்டரை இலேசாக மிதித்துப் பிடித்தால் நிற்காமல் ஓடுகிறதென்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சினுக்குக் காற்று விடும் ஐட்லிங் வால்வில் கரி படிந்திருக்கலாம். ஸ்டார்ட் ஆனதும் நீலப்புகை வந்து மறைவது வால்வு சீல்களின் தேய்மானம், அதற்கு அவசரமில்லை. ஆனால் காலைக் குலுக்கலோடு வெள்ளைப்புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் நீரும் வாராவாரம் குறைகிறதென்றால், சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்; அந்தக் காரைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

எதைச் செய்தாலும் ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் சுற்றவிடாதீர்கள். இடையில் அரை நிமிடம் ஓய்வு கொடுங்கள். சென்சாரை மாற்றுவதாக முடிவானால், எஞ்சின் ஆறிய நிலையில் மட்டும் கழற்றுங்கள். கொஞ்சம் நீர் வெளியேறும் என்பதால், மாற்றிய பின் ரேடியேட்டரை நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, மறுநாள் காலை நீர் மட்டத்தை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். கனெக்டரின் உள்முனைகளில் பச்சை பூத்திருந்தால் அதையும் சுத்தம் செய்த பிறகே புதியதை மாட்டுங்கள்.